நோயாளியின் சொல்லே அளவுகோல்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் சுகாதாரத் தொண்டர்களும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



'வாழ்க்கைத் தரம்' என்னும் சொல் உங்களுக்குப் புதியதன்று. சாலை போடும்போதும், குடிநீர்க் குழாய் பதிக்கும்போதும், பள்ளிக்குக் கட்டடம் எழுப்பும்போதும் மக்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதற்காகவே இவற்றைச் செய்கிறோம் என்று நாம் கூறுகிறோம். அத்தரம் உயர்ந்ததா என்று பார்க்கவும் நமக்குத் தெரியும். எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது, எத்தனை குழந்தைகள் பள்ளிக்குச் செல்கின்றன என்று எண்ணிப் பார்த்துவிடலாம். ஆனால் நோயுற்று வீட்டுத் திண்ணையில் கிடக்கும் ஒருவருடைய வாழ்க்கைத் தரத்தை எவ்வாறு அளப்பது? அதற்கும் முறை உண்டு; அம்முறையைக் கையாளுவதற்குப் பயிற்சியும் உண்டு. அதைக் குறித்தே இன்று உங்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

அளக்க வேண்டிய அவசியம்

முன்னாளில் நம் கிராமங்களை நடுங்கச் செய்தவை காலராவும் பெரியம்மையும் ஆகும். அவை வந்தால் சில நாட்களிலோ வாரங்களிலோ ஒன்று உயிர் போகும், அல்லது நோய் தீரும். பிழைத்தவர் எத்தனை பேர், இறந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கே அன்று போதுமானதாக இருந்தது. இன்று நம் ஊர்களில் பெருகியிருப்பவை வேறு. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மூட்டுவலி, பக்கவாதம், புற்றுநோய் ஆகியவை பல ஆண்டுகள் உடனிருந்து வாட்டும் நோய்கள். இவற்றில் பலவற்றை அடியோடு தீர்த்துவிட இயலாது, கட்டுப்படுத்தி வைக்கலாம். அவ்வாறாயின், மருத்துவம் பயன் தந்ததா என்பதை எதைக் கொண்டு அறிவது?

நீரிழிவு உள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருடைய இரத்தத்திலும் சர்க்கரையின் அளவு ஒன்றே. ஒருவர் காலையில் எழுந்து மாட்டுக்குத் தீவனம் வைத்து, வரப்பு வெட்டி, மாலையில் கோயில் மண்டபத்தில் அமர்ந்து நாலு பேருடன் பேசிவிட்டு வருகிறார். மற்றவருக்குப் பாதம் தீயாய் எரிகிறது. இரவில் உறக்கம் இல்லை. நடவு வயலில் இறங்க அச்சம். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோமே என்ற வருத்தம். ஆய்வுக்கூடத்துத் தாள் இருவரையும் ஒன்றாகவே காட்டும். இருவருடைய வாழ்வும் ஒன்றா?

1948 ஏப்ரல் 7 அன்று நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் அமைப்புச் சட்டம், உடல், மனம், சமூக வாழ்வு ஆகிய மூன்றும் முழு நலத்துடன் இருக்கும் நிலையே ஆரோக்கியம் என்று வகுத்தது. நோய் இல்லாமை மட்டுமே ஆரோக்கியம் ஆகிவிடாது என்பதையும் அது தெளிவாக்கியது. எனினும் அந்த நிலையை அளக்கும் கருவி அப்போது நம் கையில் இல்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் கார்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர், புற்றுநோயாளியின் செயல்திறனுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் இடும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். அது பயனுள்ள முறையே. இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆனால் அதில் மதிப்பெண் இடுபவர் மருத்துவர். நோயாளி வாய் திறக்க வேண்டியதில்லை. வலி எவ்வளவு, மனச்சோர்வு எவ்வளவு என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் எங்ஙனம் அறிவார்? ஆகவே பிற்காலத்தில் அறிஞர்கள் நோயாளியையே கேட்பது என்ற முடிவுக்கு வந்தனர்.

வினாத்தாள்கள்

இதற்கென உலகில் பல வினாத்தாள்கள் உள்ளன. அவற்றுள் நமக்கு நெருங்கியது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வாழ்க்கைத் தர வினாத்தாள். 1991-ல் தொடங்கிய அம்முயற்சியில் உலகின் 15 ஆய்வு மையங்கள் பங்கு கொண்டன. பாங்காக், டோக்கியோ, பாரிஸ், ஹராரே ஆகிய நகரங்களோடு நம் நாட்டின் புது டில்லியும் சென்னையும் அவற்றுள் அடங்கும். ஒரு நாட்டில் எழுதி மற்ற நாடுகளின் தலையில் கட்டியதன்று இது. பல நாட்டு மக்களிடமும், எது நல்வாழ்வு என்று கேட்டுத் தொகுத்தது. முதலில் 100 கேள்விகள் கொண்டதாக இருந்தது. பின்னர் 26 கேள்விகளாகச் சுருக்கப்பட்டது. தமிழிலும் அது உண்டு.

அந்த 26 கேள்விகளில் இரண்டு பொதுவானவை. எஞ்சிய 24-ம் நான்கு பிரிவுகளில் அடங்கும். உடல் பற்றியவை 7. மனம் பற்றியவை 6. உறவும் நட்பும் பற்றியவை 3. சுற்றுப்புறம் பற்றியவை 8. கடந்த இரண்டு வார காலத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்து சொல்ல வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் நான்காம் பிரிவைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறோம். பாதுகாப்பு, சுற்றுப்புறத்தின் தூய்மை, கைப்பணம், வேண்டிய செய்தி கிடைத்தல், பொழுதுபோக்கு, குடியிருக்கும் இடம், மருத்துவ வசதி, போக்குவரத்து என்பவையே அந்த எட்டு. இவற்றுள் எத்தனை உங்கள் கையில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்! மருத்துவர் மாத்திரை எழுதித் தரலாம். வீட்டு வாசலில் தேங்கும் சாக்கடை நீரை அகற்றுவது மருத்துவரா? பக்கவாதம் வந்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வழியில்லை என்றால் அதற்கு வழி தேடுவது யார்? நோயாளியின் வாழ்க்கைத் தரத்தில் ஒரு பங்கு ஊராரின் பொறுப்பு என்பதை அந்த எட்டுக் கேள்விகளும் சொல்லாமல் சொல்லுகின்றன.

மற்றொன்று, ஐரோப்பிய அறிஞர் குழு ஒன்று 1987 முதல் கூடி உருவாக்கிய ஈக்யூ-5டி என்னும் சிறு வினாத்தாள். நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்ளுதல், அன்றாடத் தொழில், வலி, மனக்கவலை ஆகிய ஐந்து மட்டுமே அதில் உண்டு. அது கேட்பது இன்றைய நிலையை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகள் வைத்தால் 3,125 வகையான உடல்நிலைகளை அது பிரித்துக் காட்டும். அவ்வுடல்நிலைகளுக்கு நம் நாட்டு மக்கள் எவ்வளவு மதிப்பு அளிக்கிறார்கள் என்பதை அறிய, ஐந்து மாநிலங்களைச் சேர்ந்த 3,548 பேரிடம் கேட்டு நடத்திய ஆய்வு 2022-ல் வெளிவந்தது. முழு நலத்துடன் வாழும் ஓராண்டை 1 என்று வைத்துக்கொண்டால், பாதி மதிப்புள்ள உடல்நிலையில் இரண்டாண்டு வாழ்வதும் அதற்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். எந்தச் சிகிச்சைக்கு அரசாங்கம் பணம் செலவிடலாம் என்று ஆராயும்போது இத்தகைய கணக்குகள் முன்வைக்கப்படுகின்றன. திண்ணையில் அமர்ந்து ஒருவர் சொல்லும் சொல் எவ்வளவு தூரம் செல்லக்கூடியது என்பது இதனால் விளங்கும். அச்சொல்லைத் தவறாக எழுதினால் தவறும் அவ்வளவு தூரம் செல்லும்.

கேட்பதற்கும் பயிற்சியா?

கேள்வி அச்சில் இருக்கிறது. படித்துக் காட்டி விடையை எழுதுவதற்குப் பயிற்சி எதற்கு என்று சிலர் வினவலாம். நெல் அளப்பதை எண்ணிப் பாருங்கள். ஒருவர் மரக்காலைக் குவித்து அளக்கிறார். மற்றொருவர் தலை தட்டி அளக்கிறார். மரக்கால் ஒன்றே ஆயினும் கணக்கு ஒத்து வருமா? கேள்வி கேட்பதும் அத்தகையதே. எல்லாரும் ஒரே வகையாகக் கேட்டால்தான் ஓர் ஊரின் விடையை மற்றோர் ஊரின் விடையோடும், இவ்வாண்டு விடையை மறு ஆண்டு விடையோடும் ஒப்பிட முடியும். ஆகவே பயிற்சியில் முதலில் கற்பிப்பது, கேள்வியை அச்சிட்டபடியே படிப்பது. விளங்கவில்லை என்றால் மீண்டும் ஒருமுறை மெதுவாகப் படிக்கலாம். சொந்தச் சொற்களில் விளக்கம் கூறலாகாது.

நம் மொழியில் ஒரு நுட்பம் உண்டு. 'வலி இருக்கிறதா?' என்று கேட்பது வேறு. 'வலி ஒன்றும் இல்லையே?' என்று கேட்பது வேறு. பின்னதில் விடை முன்பே இருக்கிறது. 'நன்றாகத் தூங்குகிறீர்கள் அல்லவா?' என்று அன்போடு கேட்டால், மரியாதை தெரிந்த நம் முதியவர் 'ஆமாம் தாயி' என்றே சொல்லுவார். கேட்டவரின் அன்பே விடையைக் கெடுத்துவிடும்.

அதைவிடப் பெரிய இடையூறு 'பரவாயில்லை' என்னும் சொல். உடம்பு எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் 'பரவாயில்லை' என்போம். 'ஏதோ இருக்கிறேன்' என்போம். 'வயசானால் இப்படித்தான்' என்போம். இவை உபசார வார்த்தைகள். துன்பத்தை வெளியில் சொல்லிப் பிறரை வருத்தக்கூடாது என்ற பண்பிலிருந்து பிறந்தவை. ஆனால் வினாத்தாளில் உள்ள ஐந்து விடைகளில் 'பரவாயில்லை' என்று ஒன்று இல்லை. பயிற்சி இல்லாதவர் அதைக் கேட்டவுடன் நடுவில் உள்ள கட்டத்தில் ஒரு குறி இட்டுவிடுவார். பயிற்சி பெற்றவர் சற்றுப் பொறுத்திருந்து, 'இந்த ஐந்தில் எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று நீங்களே சொல்லுங்கள் ஐயா' என்று ஐந்தையும் மறுபடியும் படித்துக் காட்டுவார். அப்போது அவர் 'அதிகம்' என்று சொல்லக்கூடும். அவர் தாமாகச் சொன்னதையே எழுத வேண்டும்.

காலத்தைக் குறிப்பதும் எளிதன்று. 'கடந்த இரண்டு வாரங்களில்' என்றால் நம் மக்கள் தேதியை எண்ணிப் பார்ப்பதில்லை. 'போன அமாவாசைக்குப் பிறகு' என்றோ, 'முந்திய வாரச் சந்தை முதல்' என்றோ அந்தக் காலத்தை முதலில் நினைவில் நிறுத்திய பின்னர் கேள்விகளைத் தொடங்கலாம். இல்லாவிட்டால் பத்து வருஷத்துக்கு முன் கண்ட அறுவைச் சிகிச்சையின் வலியும் இன்றைய கணக்கில் வந்து சேரும்.

ஈக்யூ-5டி தாளின் இறுதியில் 0 முதல் 100 வரை வரைந்த நெட்டைக் கோடு ஒன்று உண்டு. பார்வைக்கு வெப்பமானி போன்றிருக்கும். காய்ச்சல் பார்க்கும் கருவியில் மேலே ஏறினால் கேடு. இந்தக் கோட்டில் மேலே ஏறினால் நலம். எழுத்தறியாத ஒருவர் இவ்விரண்டையும் மாற்றி எண்ணிக்கொள்வது இயல்பு. 100 என்பது நினைக்கக்கூடிய மிகச் சிறந்த உடல்நலம், 0 என்பது மிக மோசமானது என்பதை முதலில் அவர் மனத்தில் பதிய வைத்தல் வேண்டும்.

வீட்டார் குரலும் நோயாளியின் குரலும்

நம் வீடுகளில் நோயாளியைக் கேட்டால் மகன் பதில் சொல்லுவார். மாமியாரைக் கேட்டால் மருமகள் சொல்லுவார். மனைவியைக் கேட்டால் கணவர் சொல்லுவார். இது அன்பின் மிகுதியாலும் இருக்கலாம், அதிகாரத்தாலும் இருக்கலாம். நடக்க முடிகிறதா, தாமே குளிக்கிறாரா என்பன போன்று கண்ணுக்குத் தெரியும் செய்திகளில் வீட்டாரின் விடையும் நோயாளியின் விடையும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வலி, கவலை, மனநிறைவு போன்று உள்ளே இருப்பவற்றில் அவை மாறுபடும் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. பல வேளைகளில் வீட்டார் நோயாளியின் நிலையை அவர் உணர்வதைக் காட்டிலும் மோசமாகவே மதிக்கிறார்கள். ஆகையால் நோயாளி பேசக்கூடிய நிலையில் இருக்கும்வரை அவரையே கேட்க வேண்டும். நினைவு தவறியவர், பேச்சிழந்தவர் ஆகியோருக்காக வேறொருவர் விடையளித்தால், யார் அளித்தார் என்பதைத் தாளில் குறித்தல் வேண்டும்.

இதற்குத் தனிமை தேவை. ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல, சுற்றிலும் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்த்தால் உண்மை வெளிவராது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் தாளில் தாம்பத்திய வாழ்வு பற்றிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. பெண்களிடம் பெண்களே கேட்பதுதான் முறை. விருப்பமில்லை என்றால் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லாதிருக்க நோயாளிக்கு உரிமை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விடை விடுபட்ட தாளைக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது விதி.

மற்றொன்றையும் பயிற்சியில் வற்புறுத்த வேண்டும். ஒரு கால் இழந்த ஒருவர், 'என் வாழ்க்கை நன்றாகவே இருக்கிறது' என்று சொல்லலாம். கேட்பவருக்கு நம்ப முடியாமல் இருக்கும். ஆனால் மனிதன் தன் நிலைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் இயல்புடையவன். பழகியபின் அவன் அளவுகோலும் மாறிவிடுகிறது. அவர் சொன்னதைத் திருத்த நமக்கு அதிகாரம் இல்லை.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே சிலர் கண்ணீர் விடுவர். 'இனி இருந்து என்ன பயன்' என்றும் சிலர் சொல்லக்கூடும். அப்போது தாளை மூடி வைத்துவிட்டு அவர் அருகில் அமர வேண்டும். அவரைத் தனியே விட்டு வரலாகாது. அன்றைய தினமே செவிலியருக்கோ மருத்துவருக்கோ தெரிவிக்க வேண்டும். 2022-ல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசி உதவியின் எண் 14416 என்பதைத் தொண்டர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்திருப்பது நன்று.

கணக்கில் நேரும் பிழை

விடைகளைச் சரியாக வாங்கிய பின்னரும் கூட்டலில் பிழை நேரலாம். ஓர் உதாரணம் பார்ப்போம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் தாளில் பெரும்பாலான கேள்விகளுக்கு அதிக எண் நன்மையைக் குறிக்கும். மூன்று கேள்விகளுக்கு மட்டும் அதிக எண் தீமையைக் குறிக்கும். வலி தடுக்கிறதா, மருந்தின்றி நாளைக் கழிக்க முடியாத நிலையா, மனச்சோர்வு அடிக்கடி வருகிறதா என்பவை அவை. இம்மூன்றின் விடையை 6-லிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

விவசாயத் தொழிலாளி ஒருவர் உடல் பற்றிய ஏழு கேள்விகளுக்கு அளித்த விடை இவ்வாறு என்று வைத்துக்கொள்வோம்: வலி 4, மருந்தின் தேவை 4, உடல் தெம்பு 3, நடமாட்டம் 3, உறக்கம் 2, அன்றாடச் செயல் 3, உழைக்கும் திறன் 2. முதல் இரண்டையும் 6-லிருந்து கழித்தால் 2, 2 ஆகும். ஏழின் கூட்டுத்தொகை 17. இதை 7-ஆல் வகுத்து 4-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 9.7. நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் மாற்றினால் சுமார் 36. கழிக்க மறந்துவிட்டால் கூட்டுத்தொகை 21. நூற்றுக்கு 50 என்று வரும். வலியால் துடிக்கும் மனிதர் காகிதத்தில் பாதி நலம் பெற்றவராகிவிடுவார்! அவர் உண்மையைச் சொன்னார். எழுதியவரும் உண்மையை எழுதினார். கழிக்காமல் விட்ட இரண்டு எண்கள் அவருடைய துன்பத்தை மறைத்துவிட்டன.

ஆகவே பயிற்சியில் சொற்பொழிவு குறைவாகவும் பழக்கம் அதிகமாகவும் இருத்தல் வேண்டும். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் தொண்டராகவும் கேட்டுப் பழகலாம். ஒரே உரையாடலை இரண்டு பேர் தனித்தனியே எழுதி, பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் பாடம் இருக்கிறது. கணக்கை ஒருவர் போட, மற்றொருவர் சரிபார்க்க வேண்டும்.

பஞ்சாயத்தின் பங்கு

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்ட பின், வீட்டு வாசலுக்கு வரும் சுகாதாரத் தொண்டரை நம் கிராம மக்கள் நன்கு அறிந்துகொண்டனர். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2008-ல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென அரசுக் கொள்கை வகுக்கப்பட்டபோது, படுக்கையில் இருப்போரை வீடு தேடிச் சென்று பேணும் பணியில் உள்ளாட்சிகளுக்குப் பங்கு அளிக்கப்பட்டது. நோயாளியின் நலம் ஊராட்சியின் அலுவலும் ஆகும் என்பதற்கு இது சான்று.

உங்களிடம் நாம் வேண்டுவது நான்கு. முதலாவது, தொண்டர் கேள்வி கேட்கும் இடத்தில் பஞ்சாயத்துத் தலைவரோ உறுப்பினரோ உடனிருக்க வேண்டாம். உங்கள் மீதுள்ள மரியாதையே விடையை மாற்றிவிடும். இரண்டாவது, இந்த விடைகளை முதியோர் உதவித்தொகை, வீடு, வேலை ஆகியவற்றுக்கான பட்டியலோடு கலக்காதீர்கள். துன்பத்தைக் கூட்டிச் சொன்னால் உதவி கிடைக்கும் என்றோ, உண்மையைச் சொன்னால் கிடைத்ததும் போய்விடும் என்றோ மக்கள் எண்ணத் தொடங்கினால் அந்த நாளிலிருந்து அளவுகோல் பயனற்றது. மூன்றாவது, எவருடைய விடையையும் பெயர் சொல்லிக் கிராம சபையிலோ தேநீர்க் கடையிலோ பேசலாகாது. ஊர் முழுவதற்குமான தொகையை மட்டும், அதுவும் யார் என்று தெரியாதபடி எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, அளந்ததோடு நின்றுவிடாதீர்கள். பலர் போக்குவரத்தில் குறை சொல்லியிருந்தால் அதற்கு வழி செய்யுங்கள். உறக்கமில்லை, வலி தாங்கவில்லை என்று பலர் சொல்லியிருந்தால் சுகாதார நிலையத்து மருத்துவரிடம் அதை எடுத்துரையுங்கள். சில மாதங்கள் கழித்து மீண்டும் அதே முறையில் கேட்டுப் பாருங்கள். ஓரிரு எண் ஏறுவதும் இறங்குவதும் கண்டு மகிழவோ சோரவோ வேண்டாம். பலருடைய விடையில் தெளிவான மாறுதல் தெரிகிறதா என்று நோக்குங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாத ஊரில் அடுத்த முறை எவரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

உழவர் பெருமக்களே! பயிர் வாடினால் அதன் இலையைப் பார்த்தே நீங்கள் தெரிந்துகொள்வீர்கள். மாடு தீனி எடுக்காவிட்டால் அதன் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள். மனிதன் மட்டும் உள்ளே வாடிக்கொண்டே 'பரவாயில்லை' என்று சொல்லக் கற்றவன். அடுத்த முறை தொண்டர் உங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து விடைகளைப் படித்துக் காட்டும்போது, உபசாரத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீட்டில் நோயுற்றோர் இருந்தால் அவர்களைப் பேச விடுங்கள். அவர்கள் சொல்வதற்குக் குறுக்கே பேசாதீர்கள்.